வெள்ளை மரமா? சவுக்குக் கிளையா?

சென்னையிலிருந்து திருப்பதிக்கு ரயிலில் போகிறவர்கள் ரேணிகுண்டா ஜங்ஷனைத் தாண்டித்தான் போகவேண்டும். வண்டி நின்றதும் இறங்கி ஒரு காப்பி குடித்துவிட்டு ஏறுவதோடு பெரும்பாலோருக்கு இந்த ஊர் முடிந்துவிடும். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து, ரயில்வேக்காரர்கள் குடியிருக்கும் தெருக்களில் டிசம்பர் மாத மாலையில் நடந்து பார்த்தால் வேறொரு ரேணிகுண்டா தெரியும். கிறிஸ்தவர் வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரம் தொங்கும். ஒரு வீட்டில் தெலுங்கில் ஜெபம் நடக்கும். பக்கத்து வீட்டில் தமிழில் குழந்தையை அதட்டுகிற குரல் கேட்கும்.

அப்படி ஒரு தெருவில், சென்ற கிறிஸ்துமசுக்கு ஒரு தமிழ் வீட்டில் மட்டும் நட்சத்திரம் ஏறவில்லை. அந்த வருஷம் தை மாதம் வீட்டுப் பெரியவர் காலமாகிவிட்டார். ரயில்வேயில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு எழுபது வயதுக்கு மேல். மகன் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. மருமகள் பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவர். பேரன் ஒருவன், பேத்தி ஒருத்தி.

துக்கம் நடந்த வருஷத்தில் நம்மவர் வீடுகள் பலவற்றில் பண்டிகை கிடையாது. கிறிஸ்தவர்களிலும் இந்தப் பழக்கம் உண்டு. பலகாரம் சுடமாட்டார்கள். புதுத்துணி எடுக்கமாட்டார்கள். சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுக்கும் பலகாரத்தைப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுப்பார்கள். கோயிலுக்குப் போய் வருவதோடு சரி. பெரியவர்கள் இதைத் தாங்கிக்கொள்வார்கள். எட்டு வயதுப் பையனும் ஐந்து வயதுப் பெண்ணும் எப்படித் தாங்குவார்கள்?

சீட்டுப் பணத்தில் வந்த மரம்

மருமகள் மாதாமாதம் சிறு சீட்டு ஒன்று கட்டி வந்தார். அது டிசம்பரில் கைக்கு வந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செருப்பு வாங்கத் திருப்பதிக்குப் போனவர், ஒரு கடை வாசலில் கிறிஸ்துமஸ் மரங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தார். பச்சை, வெள்ளி, இளஞ்சிவப்பு, வெள்ளை என்று பல நிறம். எல்லாம் பி.வி.சி. பிளாஸ்டிக். இரும்புக் கால் வைத்தது. கிளைகளை மடக்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். வெள்ளை மரத்தில் நீல விளக்குகளைச் சுற்றி எரியவிட்டிருந்தார்கள். பேத்தி அதன் எதிரே நின்றுவிட்டாள். இழுத்தும் வரவில்லை.

மருமகள் பேரம் பேசி வாங்கிவிட்டார். அன்று சாயங்காலமே பெட்டியைப் பிரித்து, கிளைகளை விரித்து, நடு வீட்டில் நிறுத்தினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். மகனும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்த கிழவி இருட்டியபின் திரும்பினார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் மரத்தைப் பார்த்தார். நேரே பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். இரவு சாப்பாடு வேண்டாம் என்றார். வயிறு சரியில்லையாம்.

காரணம் மறுநாள்தான் வெளியே வந்தது. அதையும் வீட்டில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொன்னார்.

"நான் கட்டியிருக்கிற கலரைக் கொண்டுவந்து நடு வீட்டுல நிறுத்திட்டாங்க. பண்டிகைக்கு வர்றவங்க மரத்தைப் பார்ப்பாங்களா, என்னைப் பார்ப்பாங்களா?"

கணவர் போனதிலிருந்து அந்த அம்மாள் வெள்ளைப் புடவைதான் கட்டி வருகிறார். யாரும் கட்டச் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் பலர் அதை விட்டுவிட்டார்கள். மருமகளே கலர்ப் புடவை எடுத்துக் கொடுத்தும் அவர் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். அப்படியிருக்க, ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளை மரம் தன் வீட்டிலேயே தனக்கு எதிரே நின்றால் அவர் மனம் என்ன பாடுபடும்?

வெள்ளை பிறந்த இடம்

மருமகள் மேலும் தப்புச் சொல்ல முடியாது. வெள்ளை மரம் பிறந்த தேசங்களில் அந்த நிறத்துக்குத் துக்கம் என்ற பொருளே இல்லை. அங்கே வெள்ளை என்றால் பனி.

கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் தொடங்கிய வழக்கம். குளிர்காலத்தில் மற்ற மரமெல்லாம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும்போது, ஊசியிலை மரம் மட்டும் பச்சை மாறாமல் நிற்கும். அந்தப் பச்சைக்காகத்தான் அதை வெட்டி வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். விக்டோரியா மகாராணியின் குடும்பம் ஒரு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்தபின், இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு இந்த வழக்கம் பரவியது. வெள்ளைக்காரர்களோடு இந்தியாவுக்கும் வந்தது.

செயற்கை மரமும் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் வாத்து இறகுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி, கம்பியில் சுற்றி, மரம் செய்தார்கள். 1959-ல் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மானிடோவாக் ஊரில் ஓர் அலுமினியப் பாத்திரக் கம்பெனி வெள்ளிநிற மரத்தைக் கடைக்கு அனுப்பியது. அடுத்த சில வருஷங்களில் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அந்த மரத்தில் மின்விளக்குச் சரம் சுற்றக் கூடாது. உலோகமாயிற்றே, ஷாக் அடிக்கும். அதற்காகத் தரையில் ஒரு விளக்கை வைத்து, அதன் முன்னே பல நிறத் தட்டைச் சுழலவிட்டார்கள். மரம் சிவப்பாகும், நீலமாகும், பச்சையாகும். 1965-ல் டெலிவிஷனில் வந்த குழந்தைகள் கார்ட்டூன் ஒன்று இந்தத் தகர மரங்களைக் கேலி செய்தது. அதன்பின் அந்த மோகம் மெல்ல அடங்கியது. பச்சை மரத்தின் மேல் வெள்ளைப் பொடியைத் தூவிப் பனி படிந்ததுபோல் செய்வதும் அங்கே உண்டு. இப்போது கடைகளில் நிற்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் மரம் இந்த வரிசையில் வந்ததுதான்.

பனி பெய்யும் ஊரில் அதைப் பார்க்கிறவனுக்குத் தன் வீட்டு முற்றம் நினைவுக்கு வரும். ரேணிகுண்டாவில் பனியை யார் கண்டது? கோடையில் நாற்பது டிகிரியைத் தாண்டிக் கொதிக்கிற ஊர் இது. இங்கே வெள்ளையைப் பார்க்கிறவருக்கு அவரவர் வாழ்க்கையில் பார்த்த வெள்ளைதான் நினைவுக்கு வரும்.

அதுவும் ஒன்றாக இருப்பதில்லை. கோயிலில் பாதிரியார் கிறிஸ்துமசுக்கும் உயிர்த்தெழுந்த திருநாளுக்கும் வெள்ளை அணிவார். அங்கே அது மகிழ்ச்சியின் நிறம். அதற்கு முந்தின நாலு வாரமும் ஊதா. நம் கிறிஸ்தவப் பெண்கள் பலர் கல்யாணத்தன்று வெள்ளைப் புடவை கட்டுகிறார்கள். அதே பெண் கணவனை இழந்தால் அதே நிறத்துக்குத் திரும்ப வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்த காலமும் இருந்தது. அந்தக் கிழவி 50 வருஷத்துக்கு முன் அரக்கோணம் பக்கத்தில் ஒரு கோயிலில் வெள்ளைப் புடவையில் மாலை மாற்றிக்கொண்டவர். அந்தப் புடவை இன்னும் பெட்டி அடியில் இருக்கிறது.

சவுக்கும் ரயிலும்

இந்த வீட்டில் முன்பெல்லாம் வெள்ளை மரம், பிளாஸ்டிக் மரம் எதுவும் கிடையாது. கார்டு இருந்தவரை ஒவ்வொரு வருஷமும் சவுக்குக் கிளைதான். கூட்ஸ் கார்டாக இருந்த நாளில் கூடூர்ப் பக்கம் டூட்டி போய்த் திரும்பும்போது நல்ல கிளையாகக் காசு கொடுத்து வாங்கி வருவாராம். ஓய்வு பெற்றபின் உள்ளூர்க் கடையில் சொல்லிவைத்து வாங்கினார்.

தமிழ்நாட்டிலும் தென் ஆந்திராவிலும் பல வீடுகளுக்குச் சவுக்குதான் கிறிஸ்துமஸ் மரம். பார்த்தால் ஊசியிலை மரம்போலத் தோன்றும். ஆனால் பைன் இனத்தைச் சேர்ந்ததல்ல. ஊசிபோல் தொங்குவது இலையும் அல்ல, மெல்லிய கிளை. கணுக்கணுவாக இழுத்தால் பிரிந்து வரும். ஒவ்வொரு கணுவிலும் ஆறு முதல் எட்டு வரை பொடிச் செதில்கள் இருக்கும். அவைதான் உண்மையான இலை. ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியா, பசிபிக் தீவுகள் இதன் தாயகம். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால், ஒன்றும் விளையாத கடற்கரை மணலிலும் இது செழித்து வளரும்.

ரயிலுக்கும் இந்த மரத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் ரயில் பாதை போட்டபோது நிலக்கரி எளிதில் கிடைக்கவில்லை. எஞ்சின்கள் விறகில் ஓடின. காட்டு விறகு போதாமல் போகவே, கடற்கரையோரம் சவுக்கைத் தோப்பு தோப்பாக வளர்த்தார்கள். நெல்லூர்க் கரையிலும் செங்கல்பட்டுக் கரையிலும் அந்தத் தோப்புகள் பரவின. பின்னால் எஞ்சின் கரிக்கு மாறியது. டீசல் வந்தது, மின்சாரம் வந்தது. சவுக்கு வீட்டு அடுப்புக்கும், சாரம் கட்டுவதற்கும், காகித ஆலைக்கும் போயிற்று.

அந்த ரயில்தான் நம்மவர்களையும் இங்கே கொண்டுவந்து விட்டது. சென்னையிலிருந்து அரக்கோணம், ரேணிகுண்டா வழியாக வடமேற்கே போட்ட பாதை 1871-ல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. ஃபயர்மேன், பாயிண்ட்ஸ்மேன், குமாஸ்தா, கார்டு என்று தமிழ்க் குடும்பங்கள் பாதையோடு பாதையாக வந்து தங்கின. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ரேணிகுண்டா ஆந்திராவிலேயே இருந்தது. 1977-ல் குண்டக்கல் டிவிஷன் தெற்கு ரயில்வேயிலிருந்து தென் மத்திய ரயில்வேக்கு மாறியது. வந்தவர்கள் இங்கேயே வீடு கட்டி, பிள்ளைகளைத் தெலுங்கில் படிக்கவைத்து, டிசம்பரில் சவுக்குக் கிளையை நட்டுக்கொண்டிருந்தார்கள்.

பேரன் கேட்ட கேள்வி

வீட்டில் மூன்று நாள் பேச்சு இல்லை. மருமகளுக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் மூலம் விஷயம் தெரிந்துவிட்டது. சமையற்கட்டில் அழுதார். "வீடு இருட்டாக் கிடக்குதே, பிள்ளைங்க முகம் வாடிக் கிடக்குதேன்னுதான் வாங்கினேன். அத்தையைக் குத்திக் காட்டவா வாங்கினேன்?" என்று புருஷனிடம் கேட்டார். அவர் பிறந்த வீடு ஒற்றை அறை. மரம் வைக்க இடம் கிடையாது. கோயிலில் நிற்கும் மரத்தைப் பார்த்து வந்ததோடு சரி. இந்த வீட்டில்தான் முதல்முதலாகத் தன் கையால் ஒரு மரம் வாங்கியிருக்கிறார்.

மகன் நடுவில் மாட்டிக்கொண்டார். மரத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால் பெண்சாதி மனம் நோகும். வைத்துக்கொள்ளலாம் என்றால் பெற்றவள் மனம் நோகும். ஆபீசுக்குச் சீக்கிரம் போய் நேரங்கழித்துத் திரும்பினார்.

நாலாம் நாள் பேரன் ஒரு காரியம் செய்தான். சுவரில் தாத்தாவின் படம் மாட்டியிருக்கிறது. கார்டு உடையில், கையில் சுருட்டிய கொடியோடு, பிரேக் வேன் வாசலில் நிற்கிற படம். அதை அண்ணாந்து பார்த்தான், மரத்தைப் பார்த்தான். பின்கட்டுக்கு ஓடிப்போய்க் கேட்டான்:

"ஆயா, இந்த மரம் தாத்தா யூனிபார்ம் மாதிரியே இருக்குதில்ல?"

கார்டு என்றால் வெள்ளைக்கால்சட்டை, வெள்ளைச்சட்டை. 2022-ல் கார்டு என்ற பெயரை ரயில்வே எடுத்துவிட்டு 'டிரெயின் மேனேஜர்' என்று வைத்தது. பழைய ஆட்களுக்கு இன்னும் கார்டுதான். அந்த வெள்ளை உடுப்பை முப்பது வருஷத்துக்கும் மேல் நீலம் போட்டுத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டவர் அந்தக் கிழவி. வேறு யாரும் தொடக்கூடாது என்பாராம். தான் வெள்ளைக்குப் பயந்து பின்கட்டில் உட்கார்ந்திருக்க, பையன் அதே வெள்ளையில் தாத்தாவைப் பார்த்துவிட்டான்.

பேரனைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு எழுந்து வந்து மருமகளைக் கூப்பிட்டார்.

"எனக்கு உன்மேல கோவம் இல்லம்மா. அந்த மரத்துமேலயும் கோவம் இல்ல. இந்த ஒரு வருஷம் மட்டும் பச்சை வை. அவர் பச்சைக் கொடி காட்டினாத்தான் வண்டி நகரும். அதையே பார்த்துப் பழகிட்டேன். அடுத்த வருஷம் உன் மரத்தை எடுத்து வை. அதுக்குள்ள எனக்கும் பழகிடும்."

பேரன் உடனே கேட்டான், தாத்தாவின் பச்சைக் கொடி எங்கே என்று. மரத்தில் கட்ட வேண்டுமாம். கொடி இல்லை. ஓய்வு பெற்ற அன்றே விளக்கையும் கொடிகளையும் திருப்பி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தவர் அவர். அரசாங்கப் பொருள் ஒரு முழத் துணிகூட அந்த வீட்டில் தங்கியதில்லை.

கிளை பார்த்து வாங்குவது

மறுநாள் மாமியாரும் மருமகளும் ஒரே ஆட்டோவில் சவுக்குக் கடைக்குப் போனார்கள். சாரத்துக்கு மரம் விற்கிற கடை. காளஹஸ்தி ரோடு வழியாக லாரியில் வந்த கம்பங்கள் சாத்தியிருந்தன. டிசம்பரில் கேட்கிறவர்களுக்காக நுனிக்கொம்புகளைத் தனியே ஒதுக்கி வைத்திருந்தார்கள். சவுக்குக்குத் தெலுங்கில் சருகுடு என்று பெயர்.

"நல்ல பச்சையா வேணும்" என்றார் கிழவி. கடைக்காரர் சிரித்தார். தெலுங்கில் வெறுமனே 'பச்ச' என்றால் போதாது. இலைப் பச்சைக்கு 'ஆகுபச்ச' என்று பெயர், மஞ்சளுக்கு 'பசுபுபச்ச'. "இன்னிக்கு வாங்கினா ஆகுபச்ச, பத்து நாள் போனா பசுபுபச்ச. எது வேணும்மா?" என்று இரண்டு மொழியும் கலந்து கேட்டார். பல மாதங்களுக்குப் பிறகு அந்த அம்மாள் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்ததாக மருமகள் சொல்கிறார்.

கிளை தேர்ந்தெடுக்கும் பக்குவத்தை மாமியார் சொல்லிக் கொடுத்தார். கொத்தைக் கையில் பிடித்து மெல்ல உருவ வேண்டும். ஊசி கையோடு வந்தால் பழைய வெட்டு. வெட்டுவாய் ஈரமாக இருக்க வேண்டும். வெளிறிப்போன பச்சை ஆகாது, கரும்பச்சை வேண்டும். நாலு பக்கமும் கிளை இல்லாவிட்டால் பாதகமில்லை, மொட்டைப் பக்கத்தைச் சுவர் ஓரம் திருப்பிக்கொள்ளலாம். பெரிய வாளியில் மணலைக் கொட்டி, கிளையை நட்டு, சுற்றிலும் கல் வைத்து இறுக்கி, தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்படியும் ஒரு வாரம், பத்து நாளுக்கு மேல் பச்சை நிற்காது. ஆகவே பண்டிகைக்கு நாலைந்து நாள் முன்னால் வாங்கினால் போதும். காய்ந்த சவுக்கு எளிதில் தீப்பிடிக்கும். மெழுகுவத்தியைப் பக்கத்தில் கொண்டு போகக்கூடாது. சூடேறாத எல்.இ.டி. சரம் நல்லது, அதையும் இரவு படுக்கும்போது அணைத்துவிட வேண்டும்.

கிளை வீட்டுக்கு வந்தது. பிளாஸ்டிக் மரம் மடங்கிப் பெட்டிக்குள் போயிற்று. பேத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வெள்ளை மரத்து நீல விளக்கையே சவுக்கில் சுற்றிக் கொடுத்ததும் சமாதானமானாள். கிளைமேல் பஞ்சு மட்டும் ஒட்டவில்லை. வாளியை மறைக்க ஒரு துணி தேவைப்பட்டது. கிழவி பெட்டி அடியிலிருந்து தன் கல்யாணப் புடவையை எடுத்து வந்தார். மடிப்பில் பழுப்பேறியிருந்தது. அதை நாலாக மடித்துத் தானே வாளியைச் சுற்றிக் கட்டினார்.

கீதம் பாட வந்தவர்கள்

கிறிஸ்துமசுக்கு முந்தின நாட்களில் சபையார் வீடு வீடாகப் போய்க் கீதம் பாடுவார்கள். துக்க வீடு என்றால் வரலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது வழக்கம். அந்த வீட்டுக்கும் ஒரு பையன் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டான். மகன் தாயாரின் முகத்தைப் பார்த்தார்.

"வரச் சொல்லு. காப்பி மட்டும்தான் கொடுப்பேன். பலகாரம் இந்த வருஷம் இல்ல" என்றார் அவர்.

வந்தார்கள். தெலுங்கில் ஒன்றும் தமிழில் ஒன்றும் பாடினார்கள். பாட வந்தவர்கள் மரத்தையும் பார்த்தார்கள், வெள்ளைப் புடவையில் அதன் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மாளையும் பார்த்தார்கள். ஒருவரும் பரிதாபமாக ஒன்றும் சொல்லவில்லை. மரம் அழகாயிருக்கிறது, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். "நானும் மருமகளும் போய்ப் பார்த்து வாங்கினோம்" என்றார்.

புது வருஷத்துக்குள் சவுக்கு மஞ்சள் கண்டு உதிர ஆரம்பித்தது. மகன் அதை வெட்டிப் பின்கட்டில் வெந்நீர் அடுப்புக்கு அடுக்கிவிட்டார். வெள்ளை மரம் பரண்மேல் பெட்டியில் இருக்கிறது.

இந்த டிசம்பரிலும் கடைகளில் பல நிற மரங்கள் வந்து நிற்கும். வெள்ளை வாங்கக்கூடாது என்றோ பச்சைதான் வாங்க வேண்டும் என்றோ சட்டம் இல்லை. கடைக்குப் புறப்படுமுன் வீட்டில் மூத்தவர்களை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போவது நல்லது. முடிந்தால் கையோடு அழைத்துக்கொண்டு போவது இன்னும் நல்லது.